2.4உம் 5உம் ஒரே சின்ன போட்டில: அன்ரனா ஆராவது செய்து பாத்தனியளோ?

தோட்டக்கிணறு
எல்லாருக்கும் வணக்கம். கோப்பாய்ப் பக்கம் தோட்டக் கிணறுகளில நீர்மட்டம் பாக்கிறதுக்கு ஒரு சின்னப் பெட்டி செய்துகொண்டிருக்கிறன். உள்ள ஒரு வைஃபை மொடியூல், ஒரு பற்றறி, சென்சர், வேற ஒண்டும் இல்லை. மொடியூல் 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் ரெண்டிலயும் ஓடும். வீட்டோட இருக்கிற கிணறுகளுக்கு 5 தான் வேணும், ஏனெண்டால் 2.4 இல ஒண்டோட ஒண்டு முட்டாத சனல் எண்டு இருக்கிறது 1, 6, 11 மூண்டும்தான், அந்த மூண்டிலயும் அயலட்டை ரவுட்டர் எல்லாம் ஏறி நிக்குது. தோட்டத்துக்குள்ள தள்ளி இருக்கிற கிணறுகளுக்கு 2.4 தான் சரிவரும், இடையில வாழையும் பனையும் நிக்குது, 5 அதுக்குள்ளால போகாது.

வெளியில நீட்டிக்கொண்டு நிக்கிற அன்ரனா எனக்கு வேண்டாம். மோட்டர் இறக்கி ஏத்தேக்க வயர் கொழுவி முறிஞ்சுபோகும். அதால சுற்றுப் பலகையிலயே (போட்) செப்பில வரையிற மாதிரி ஒண்டு வேணும். போட் இப்ப 40க்கு 30 மில்லிமீற்றர், சாதாரண எஃப்ஆர்4 (கண்ணாடி இழைப் பலகை), 1.6 மில்லிமீற்றர் தடிப்பு. மூலையில 15க்கு 7 மில்லிமீற்றர் அன்ரனாவுக்கு விட்டிருக்கிறன். காசு மிச்சம் பிடிக்க போட்டை 25க்கு 20 ஆக்கினால் என்ன எண்டும் யோசிக்கிறன், அன்ரனாவுக்கு உரிய இடம் அப்பிடியேதானே இருக்கும். இது ரெண்டு பாண்டையும் (அதிர்வெண் பட்டி) தாங்குமோ? என்ன வடிவம் போடலாம்?

ஈயப்புகை
தம்பி, நான் ரவுன்ல கனகாலமா ரவுட்டர், டிவி திருத்திறன். என்ர அபிப்பிராயம், உதில மினக்கெடாதையுங்கோ. மட்பாண்ட சிப் அன்ரனா எண்டு அரிசி மாதிரி சின்னதா வருது, 2.4உம் 5உம் ரெண்டும் ஒண்டுக்குள்ள. வாங்கி ஒட்டினால் சரி.

பருத்தித்துறைக்காத்து
சிப்பை விட வடிவான வழி இருக்கு. பிறாக்டல் வடிவம் போடுங்கோ. சியர்பின்ஸ்கி முக்கோணம் எண்டு, முக்கோணத்துக்குள்ள முக்கோணமா வெட்டிக்கொண்டு போறது. ஸ்பெயின்ல புவெந்தேயும் கூட்டாளிகளும் 1998இல எழுதின கட்டுரையில ஒரே அன்ரனா பல பாண்டில வேலை செய்யிறதைக் காட்டியிருக்கினம். ஒரே வடிவம் சின்னனாயும் பெரிசாயும் திரும்பத் திரும்ப வாறதால ஒவ்வொரு அளவும் ஒவ்வொரு பாண்டைப் பிடிக்கும். இடமும் மிச்சம், பல பாண்டும் கிடைக்கும்.

அலைநீளம்
தம்பி தோட்டக்கிணறு, நீங்கள் கேட்டதில முக்கியமான கேள்வி வடிவம் இல்லை, போட்டைச் சின்னதாக்கலாமோ எண்டதுதான். அதுக்கு என்ர பதில்: ஆக்காதையுங்கோ. ஏன் எண்டு கொஞ்சம் விரிவா சொல்லுறன், நீளமாப் போனாலும் பொறுமையா வாசியுங்கோ, ஏனெண்டால் இந்த ஒரு விசயம் விளங்காமத்தான் கன பேர் அன்ரனா மூலையைத் திருப்பித் திருப்பிக் கீறிக்கொண்டிருக்கினம்.

சின்ன அன்ரனாவுக்கு ஒரு எல்லை இருக்கு, ஆர் கீறினாலும் அதைத் தாண்டேலாது. வீலர் 1947இலயும் சூ 1948இலயும் எழுதினவை. அன்ரனா முழுதையும் உள்ளடக்கிற ஒரு உருண்டையைக் கற்பனை பண்ணுங்கோ, அந்த உருண்டையின்ர ஆரை அலைநீளத்தோட ஒப்பிடேக்க எவ்வளவு எண்டதுதான் பாண்ட் எவ்வளவு அகலமா வரும் எண்டதைத் தீர்மானிக்குது. உங்கட 15க்கு 7 மூலையை மட்டும் எடுத்தால் ஆரை 8 மில்லிமீற்றர் மட்டில. 2.45 இல அலைநீளம் 122 மில்லிமீற்றர். கணக்குப் போட்டால் கியூ (இது கூடக் கூட பாண்ட் ஒடுங்கும்) 17 மட்டில வரும், அதுக்கு எஸ்டபிள்யூஆர் (சக்தி திரும்பி வாறதின்ர ஒரு அளவு) 2க்குள்ள கிடைக்கக்கூடிய ஆகக்கூடின அகலம் 4 வீதம் சொச்சம். உங்களுக்குத் தேவை 2400 இல இருந்து 2483.5 வரை, அது 3.4 வீதம். பாத்தால் காணும் போலத்தான் இருக்கும். ஆனா அந்த 4 வீதம் உருண்டை முழுக்க நிரப்பின, ஒரு சொட்டும் வீணாக்காத அன்ரனாவுக்குத்தான். தட்டையா ஒரு ஓரத்தில கீறின செப்புக்கு அதில ஒரு பங்குதான் கிடைக்கும். அப்ப மூலை மட்டும் தனிய நிண்டு 2.4 பாண்டை மூடவே மூடாது.

பேந்து எப்பிடி கடையில விக்கிற போட் எல்லாம் வேலை செய்யுது? கிரவுண்ட், அதாவது போட்டின்ர மிச்ச இடத்தில பரவியிருக்கிற பொதுச் செப்பு. மூலையில இருக்கிற செப்பு கரண்டைத் தொடக்கி விடுது, அலையை வெளியில விடுற வேலையில பெரும்பங்கு கிரவுண்ட் செப்பின்ர ஓரம் வழிய ஓடுற கரண்டுக்குத்தான். முழுப் போட்டையும் சேர்த்து 25 மில்லிமீற்றர் ஆரை எண்டு எடுத்துப் பாருங்கோ, கியூ 1.3க்கு வந்திடும், பாண்ட் அகலம் ஒரு பிரச்சினையே இல்லை. அதைத்தான் நீங்கள் வெட்டப் பாக்கிறியள். 25க்கு 20 ஆக்கினால் அன்ரனாவுக்கு விட்ட இடம் அப்பிடியே இருக்கும், ஆனா அன்ரனாவில பாதிக்கு மேல வெட்டி எறிஞ்சு போடுவியள்.

5 இல கதை வேற. 5150 இல இருந்து 5850 எண்டால் 12.7 வீதம், பெரிய அகலம், ஆனா அங்க அலைநீளம் 55 மில்லிமீற்றருக்குள்ள, அதே 8 மில்லிமீற்றர் மூலைக்கும் எல்லை 30 வீதம் மட்டில. ஆகவே 5 பாண்டைப் பற்றி இப்ப பயப்பிட வேண்டாம். 2.4க்குத்தான் இடம் கேக்குது.

@ஈயப்புகை அண்ணை, சிப்பும் இதுக்கு விதிவிலக்கில்லை. அந்தச் சிப்பின்ர தரவுத்தாளைப் பாருங்கோ, அவை அளந்து காட்டியிருக்கிற போட் எவ்வளவு பெரிசு எண்டு. அனேகமா உங்கட கையில இருக்கிறதை விட ரெண்டு மடங்கு நீளமா இருக்கும். அந்த அளவுக் கிரவுண்டோடதான் அந்த இலக்கம்.

பருத்தித்துறைக்காத்து
எல்லைக் கணக்கு சரி, ஏற்கிறன். ஆனா பிறாக்டல் அந்த எல்லைக்குக் கிட்டப் போக உதவும்தானே, அதுதானே அதின்ர சிறப்பே?

அலைநீளம்
அதை ஸ்ரீவன் பெஸ்ட் எண்டவர் வடிவா ஆராய்ஞ்சிருக்கிறார். கொக் பிறாக்டலையும் (கோட்டை முக்கோணம் முக்கோணமா மடிச்சுக்கொண்டு போறது) வேற விதமா மடிச்ச வயரையும் ஒரே உயரத்தில, ஒரே அதிர்வெண்ணுக்கு வைச்சுப் பாத்தால் பிறாக்டலுக்கு எண்டு தனிச் சிறப்பு ஒண்டும் தெரியேல்லை. உயரமும் இடமும்தான் கணக்கு, மடிப்பின்ர வடிவம் இல்லை. சியர்பின்ஸ்கி பல பாண்டில ஓடுறது உண்மைதான், ஆனா முக்கோணம் ஒவ்வொரு முறையும் பாதியாக்கேக்க பாண்டும் ஏறத்தாழ ரெண்டு மடங்கு தள்ளித்தான் வரும். எங்களுக்குத் தேவை 2.45க்கும் 5.5க்கும் இடையில 2.24 மடங்கு. அதுக்கு வடிவத்தைத் திரிக்க வேணும், திரிச்சால் பிறகு அது பிறாக்டல் இல்லை. கால் அலைநீளக் கம்பியும் இயல்பா ரெண்டாம் பாண்டைத் தரும், ஆனா அது மூண்டு மடங்கில, 7.35 இல. அதையும் இழுத்துக் கீழ கொண்டு வரவேணும். ரெண்டையும் விட லேசான வழி ரெண்டு கை வைக்கிறது.

புதுப்பெடியன்
அக்கா, நான் ஏஎல் படிக்கிறன், பௌதிகத்தில அலை படிச்சனான். ரெண்டு கை எண்டால் ரெண்டு அன்ரனாவோ? ஒரு வயரில ரெண்டும் எப்பிடி ஒண்டையொண்டு குழப்பாம இருக்கும்?

அலைநீளம்
நல்ல கேள்வி தம்பி. ஊட்டுற இடம் ஒண்டு, அதில இருந்து நீளக் கை ஒண்டும் கட்டைக் கை ஒண்டும் பிரியுது. 2.4 வரேக்க நீளக் கை கால் அலைநீளத்துக்குக் கிட்ட இருக்கிறதால கரண்ட் அதுக்குள்ளதான் லேசா ஓடும், கட்டைக் கை அந்த நேரம் ஒரு சின்ன கப்பாசிற்றர் போல சும்மா நிக்கும். 5.5 வரேக்க கட்டைக் கைக்கு முறை வருது, நீளக் கை அந்த அதிர்வெண்ணில அரை அலைநீளத்துக்குக் கிட்டப் போறதால ஊட்டுற பக்கத்தில பெரிய தடையைக் காட்டும், கரண்டை ஏற விடாது. 2.24 மடங்கு எண்டது 2க்குக் கிட்ட இருக்கிறதால இது எங்களுக்கு நல்லா உதவுது. முழுக்கக் குழப்பாம இல்லை, கொஞ்சம் குழப்பும். அதால எப்பவும் நீளக் கையை முதல்ல சரிப்படுத்தி, பிறகுதான் கட்டைக் கைக்கு வரவேணும்.

வடிவத்துக்கு இன்வேர்ட்டட் எஃப் போடுங்கோ. எஃப் எழுத்தைப் படுக்கப் போட்ட மாதிரி, ஒரு கால் கிரவுண்டோட ஒட்டும், மற்றக் கால்தான் ஊட்டு. அந்த ரெண்டு காலுக்கும் இடையில உள்ள தூரத்தை மாத்தித்தான் மொடியூலோட பொருந்துற 50 ஓம்ஸ்க்குக் கொண்டு வாறது. ஊட்டைக் கிரவுண்ட் காலில இருந்து விலத்த விலத்த தடை கூடும். வெற்றிடத்தில கால் அலைநீளம் 2.45க்கு 30.6 மில்லிமீற்றர், எஃப்ஆர்4 ஓரத்தில ஓடேக்க 22 இல இருந்து 26க்குள்ள சுருங்கும். 5.5க்கு 10 மட்டில. 15 மில்லிமீற்றருக்குள்ள நீளக் கை நேர போகாது, நுனியில ஒருக்கா மடியுங்கோ. நெருக்கமா பாம்பு மாதிரி கனக்க வளைக்காதையுங்கோ, பக்கத்துப் பக்கத்துக் கோட்டில கரண்ட் எதிரெதிரா ஓடி ஒண்டையொண்டு அழிக்கும், வெளியில போற அலை குறையும், செப்புச் சூடாகிறதுதான் மிச்சம். 30 மில்லிமீற்றர் ஓரம் முழுக்க இருக்குதுதானே, ஏன் 15? ஒரு 22 எடுங்கோ. அன்ரனாவுக்குக் கீழ எந்தப் பக்கத்திலயும் செப்பு இருக்கக்கூடாது.

ஈயப்புகை
பிள்ளை சொல்லுறது விளங்குது, ஏற்கிறன். ஆனா ஒரு கேள்வி. கிட்டடியில ஒருத்தர் ஒரு அன்ரனா கொண்டு வந்தவர், வெளிநாட்டில இருந்து எடுப்பிச்சது, பெட்டியில எஸ்11 (திரும்பி வாற சக்தியின்ர அளவு, டிபியில) மைனஸ் 25 எண்டு பெரிசா போட்டுக் கிடக்கு. மாட்டிப் பாத்தால் பழைய ரவுட்டரோட வந்த அன்ரனாவை விட மோசம். எஸ்11 நல்லா இருந்தும் ஏன் அப்பிடி?

அலைநீளம்
அண்ணை, இதைத்தான் நான் அடுத்ததா சொல்ல இருந்தனான். எஸ்11 சொல்லுறது எவ்வளவு திரும்பி வரேல்லை எண்டதை மட்டும்தான். வெளியில போச்சுதோ, உள்ளயே சூடாகிப் போச்சுதோ எண்டு அது சொல்லாது. 50 ஓம்ஸ் றெசிஸ்ரர் ஒண்டை மாட்டினால் எஸ்11 மிச்சம் வடிவா வரும், அலை ஒண்டும் போகாது. ஆர்ஜி58 கேபிளை எடுங்கோ, 2.4 இல மீற்றருக்கு ஒரு டிபி மட்டில தின்னும். 5 மீற்றரை மாட்டி மற்றப் பக்கத்தை ஒண்டும் போடாம வெறுமையா விடுங்கோ, போய்த் திரும்பி வர 10 டிபி. மீற்றரில மைனஸ் 10 காட்டும், நல்ல அன்ரனா எண்டு நினைப்பியள், அங்க அன்ரனாவே இல்லை. எஃப்ஆர்4உம் இதேதான் செய்யுது. அதின்ர இழப்புக் குணகம் 0.02, அதால பாண்ட் அகலமா, வடிவா தெரியும், ஆனா அந்த அகலத்தில ஒரு பங்கு சூடு. 5.5 இல எஃப்ஆர்4 மேல ஓடுற கோடு சென்ரிமீற்றருக்கு 0.15, 0.2 டிபி தின்னும். அதால மொடியூலை அன்ரனாவுக்குக் கிட்ட வையுங்கோ.

இன்னொண்டு. மைனஸ் 10 எண்டால் திரும்பி வாறது பத்தில ஒண்டு, நட்டம் அரை டிபிக்கும் குறைவு. அதை மைனஸ் 30 ஆக்கப் போராடினால் கிடைக்கிறது அந்த அரை டிபிதான். செயற்றிறன் (உள்ள எடுக்கிற சக்தியில அலையா வெளியில போற பங்கு) 35 வீதத்தில இருந்து 70க்கு வந்தால் கிடைக்கிறது 3 டிபி. எங்க மினக்கெடவேணும் எண்டு நீங்களே பாருங்கோ.

தோட்டக்கிணறு
அக்கா, மெத்தப் பெரிய உபகாரம். போட் 40க்கு 30 அப்பிடியே வைக்கிறன், ஓரம் முழுக்க அன்ரனாவுக்கு விடுறன். ஆனா செயற்றிறனை நான் எப்பிடி அளக்கிறது? எதிரொலி இல்லாத அறைக்கு எங்க போறது? எஸ்11 அளக்கவே என்னட்ட இருக்கிறது பழைய நனோவிஎன்ஏ (அன்ரனா அளக்கிற சின்னக் கருவி), அது 2.4க்கே வராது. சிமுலேசனுக்கு 4நெக்2 இறக்கி வைச்சிருக்கிறன்.

பருத்தித்துறைக்காத்து
விஎன்ஏக்கு நான் சொல்லுறன். 3 கிகாஹேர்ட்ஸ் வரை போற நனோவிஎன்ஏ வி2 வகை உங்களுக்கு 2.4க்குக் காணும், 5க்குக் காணாது. லைட்விஎன்ஏ 6.3 வரை போகும், விலையும் பெரிய ஆய்வுகூட மெசினோட பாக்கேக்க ஒண்டும் இல்லை. ரெண்டு மூண்டு பேர் சேர்ந்து வாங்கலாம். 4நெக்2 வயருக்குத்தான் சரி, அதுக்குள்ள இருக்கிற நெக்2க்கு எஃப்ஆர்4 எண்டு ஒரு பொருளே தெரியாது, மின்கடத்தாப் பலகையை அது கணக்கில எடுக்காது. ஓப்பன்ஈஎம்எஸ் எடுங்கோ, இலவசம், படிக்க கொஞ்ச நாள் எடுக்கும்.

அலைநீளம்
செயற்றிறனுக்கு வீட்டில செய்யக்கூடிய ஒரு வழி இருக்கு, வீலர் மூடி எண்டு. அன்ரனாவை ஒரு உலோகப் பேணியால முழுக்க மூடிப்போட்டு அளக்கிறது. மூடினால் அலை வெளியில போகேலாது, அப்ப உள்ள எடுபடுற சக்தி எல்லாம் இழப்புத்தான். உதாரணத்துக்கு, வெளியில வைச்சு அளக்கேக்க அன்ரனா 95 வீதத்தை உள்ள எடுக்குது, பேணிக்குள்ள 35 வீதத்தை எடுக்குது எண்டு வையுங்கோ. 35ஐ 95ஆல பிரிச்சால் இழப்பு 37 வீதம், செயற்றிறன் 63. மட்டுமட்டான அளவுதான், ஆனா ஒரு போட்டை இன்னொரு போட்டோட ஒப்பிட நல்லாக் காணும்.

பேணி விசயத்தில கவனம். பால்மாப் பேணி எடுக்காதையுங்கோ. 9, 10 சென்ரிமீற்றர் விட்டம் உள்ள பேணி தானே 2.4க்குக் கிட்ட அதிரத் தொடங்கும், நீங்கள் அளக்கிறது பேணியையா அன்ரனாவையா எண்டு தெரியாமப் போகும். ரின்பால் பேணி எடுங்கோ, 7 சென்ரிமீற்றர் சொச்சம் விட்டம், அதின்ர அதிர்வு 3 கிகாஹேர்ட்ஸ் அளவிலதான் தொடங்கும், 40க்கு 30 போட்டும் உள்ள நிக்கும். அடியில ஓட்டை போட்டு கேபிளை விட்டு, கேபிளின்ர வெளிப்பின்னலைப் பேணியோட சுத்திவர ஈயம் வைச்சு ஒட்டுங்கோ, வாயைச் செப்பு ரேப்பால முழுக்க அடையுங்கோ. 5 பாண்டுக்கு இந்தப் பேணியும் சரிவராது, அதுக்கு ஓப்பன்ஈஎம்எஸ் சொல்லுறதை நம்ப வேண்டியதுதான்.

அளக்கேக்க கேபிளில கை வைச்சுப் பாருங்கோ. கை வைக்க கோடு ஆடினால் கேபிளும் அன்ரனாவா வேலை செய்யுது எண்டு அர்த்தம், சின்னப் போட்டில இது கட்டாயம் நடக்கும். போட்டுக்குக் கிட்டவே கேபிளில ஃபெரைட் மணி நாலைஞ்சு கோருங்கோ. கோடு ஆடுறது நிக்கும் வரைக்கும் எந்த இலக்கத்தையும் எழுத வேண்டாம்.

தீவகத்தான்
நான் வேலணையில இருந்து எழுதுறன். எங்கட பக்கம் சோளகம் அடிக்கேக்க உப்புக் காத்து எதையும் விடாது, கோப்பாயில கொஞ்சம் குறைவா இருக்கும் எண்டாலும் சொல்லுறன். அன்ரனாச் செப்பைப் பச்சைப் பூச்சுக்குக் கீழ விடுங்கோ. பொன் பூசினால் வடிவு எண்டு சிலர் அதைத் திறந்து விடுவினம், பொன்னுக்குக் கீழ நிக்கல் இருக்கு, இந்த அதிர்வெண்ணில கரண்ட் மேற்தோலிலதான் ஓடும், நிக்கலுக்குள்ள ஓடினால் இழப்புக் கூட. போட்டுக்கு மேல அக்கிறிலிக் ஸ்பிறே அடிக்கிறதெண்டால் அதிர்வெண்ணைச் சரிப்படுத்தக் கையின்ர நுனியை வெட்டிற கடைசி வெட்டுக்கு முதலே அடியுங்கோ, பூச்சும் அதிர்வெண்ணைக் கொஞ்சம் இறக்கும். யூஎஃப்எல் எண்ட சின்ன அன்ரனாக் கொனெக்ரர் வைச்சுச் சோதிக்கிறியள் எண்டால் அதைச் சும்மா சும்மா கழட்டிப் பூட்டாதையுங்கோ, 30 தரம் எண்டுதான் அதுக்குக் கணக்கு. பெட்டியை எதில பூட்டப் போறியள்?

தோட்டக்கிணறு
கிணத்துக்கட்டில நிக்கிற இரும்புப் பைப்பிலதான் பூட்ட யோசிச்சனான், மோட்டர் கயிறு கட்டுற பைப். ஆகாதோ? பற்றறி 18650 ஒண்டு, போட்டுக்குப் பின்னால வாற மாதிரி.

தீவகத்தான்
பைப்போட ஒட்டிப் பூட்டினால் நீங்கள் செய்த அளவெல்லாம் மாறும். அன்ரனா ஓரம் பைப்புக்கு எதிர்ப்பக்கமா மேல பாக்க வேணும், இடையில ஒரு மரக்கட்டையோ பிளாஸ்ரிக்கோ வைச்சு ஒரு 30 மில்லிமீற்றராவது விலத்துங்கோ. பற்றறியும் 65 மில்லிமீற்றர் நீளமான இரும்பு உருளைதான், உங்கட போட்டை விட நீளம். அதைக் கிரவுண்ட் பக்கமாக் கீழ இறக்கி வையுங்கோ, அன்ரனாவுக்குப் பின்னால நுனி எட்டிப் பாக்க விடவேண்டாம்.

தோட்டக்கிணறு
(சில கிழமைக்குப் பிறகு எழுதுறன்.) லைட்விஎன்ஏ கூட்டாளி ஒருத்தரிட்ட இரவல் வாங்கினன். போட் வீட்டிலயே அரிச்சு எடுத்தது, நீளக் கையைச் செப்பு ரேப்பால கொஞ்சம் நீட்டி விட்டிருக்கிறன் வெட்டிறதுக்கு. ஃபெரைட் போட்ட பிறகு கை வைச்சாலும் கோடு ஆடேல்லை. வெறும் போட்டில அதிர்வு 2.37 கிகாஹேர்ட்ஸ், ஏபிஎஸ் பிளாஸ்ரிக் பெட்டிக்குள்ள வைச்சு மூடினால் 2.31க்கு இறங்குது. 5 பக்கம் 5.2க்கும் 5.6க்கும் இடையில மைனஸ் 10க்குக் கீழ, அதுக்கு மேல ஏறுது. எவ்வளவு வெட்டட்டும்?

அலைநீளம்
ஆக்கள் வழமையா நீளத்தை மேசையில பாத்துச் சரிப்படுத்திப் போட்டு பெட்டிக்குள்ள வைச்ச பிறகு ஏன் ஓடேல்லை எண்டு கேப்பினம், நீங்கள் பெட்டிக்குள்ள வைச்சு அளந்திருக்கிறியள், அதுதான் வேணும். இனி எல்லா இலக்கமும் பெட்டி மூடி, பற்றறி உள்ள வைச்சு, பைப்பில பூட்டின நிலையில எடுங்கோ. 2.31 இல இருந்து 2.44க்கு 130 மெகாஹேர்ட்ஸ். நீளக் கையில மில்லிமீற்றருக்கு 60 இல இருந்து 100 வரை ஏறும், முதல்ல ஒரு மில்லிமீற்றர் வெட்டிப் பாருங்கோ, பிறகு அரை அரையா. கூரான பிளேட், நுனியில இருந்து மட்டும். அது முடியும் வரைக்கும் கட்டைக் கையைத் தொட வேண்டாம், நீளக் கையை வெட்டேக்க 5 பாண்டும் தானா மேல நகரும், பாதி வேலை அதிலயே முடிஞ்சுபோகும். மிச்சம் இருந்தால் கட்டைக் கையில கால் மில்லிமீற்றர் அளவில சுரண்டுங்கோ, அங்க ஒரு மில்லிமீற்றர் எண்டது நூற்றுக்கணக்கான மெகாஹேர்ட்ஸ்.

தோட்டக்கிணறு
ஒண்டரை மில்லிமீற்றர் வெட்டினன் அக்கா, பெட்டி மூடி பைப்பில வைச்சு 2.43. 5 பக்கம் இப்ப 5.75 வரை வந்திட்டுது. ரின்பால் பேணிக் கணக்கில 2.4 இல 60 வீதத்துக்குக் கிட்ட வருது. 25க்கு 20 போட் ஒண்டையும் அதே அன்ரனாவோட வெட்டி அதே பேணிக்குள்ள வைச்சுப் பாத்தன், 30ஐத் தாண்டேல்லை.

ஈயப்புகை
தம்பி, அந்த ரெண்டு போட்டையும் எறியாதையுங்கோ. ரவுன் பக்கம் வரேக்க கொண்டு வாங்கோ, கடையில பழகிற பெடியளுக்கு பேணியோட சேர்த்துக் காட்ட வேணும்.

அலைநீளம்
கட்டைக் கையில கால் மில்லிமீற்றர் சுரண்டினால் 5.85 வரைக்கும் வந்திடும் தம்பி. கோப்பு இருந்தால் இஞ்ச போட்டு விடுங்கோ, ஓப்பன்ஈஎம்எஸ்இல 5 பாண்டின்ர செயற்றிறனை நான் ஓட்டிப் பாத்துச் சொல்லுறன்.